பாடகிக்குக் கேட்காது, பக்கத்து இருக்கைக்குக் கேட்கும்: கச்சேரிப் படம் பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்வரிசையில் இருந்தவர்களைப் பார்த்து நான் "உஷ்" என்று சொல்லியிருக்கக் கூடாது. அண்ணன் மகளுக்குத் துணையாக, அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் மேடைக் கச்சேரியைப் படமாக்கித் திரையரங்கில் காட்டும் இசைநிகழ்ச்சிப் படத்துக்குப் போயிருந்தேன். முதல் பாட்டு தொடங்கியதுமே முன்னால் ஏழெட்டுப் பேர் எழுந்து, திரையில் பாடுகிறவரைவிட உரக்கப் பாட ஆரம்பித்தார்கள். என்னையறியாமல் வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்துவிட்டது. அவர்கள் திரும்பிப் பார்த்ததுகூடப் பரவாயில்லை. "சித்தப்பா, இது அப்படிப்பட்ட படம் இல்லை" என்று அண்ணன் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதுதான் சுட்டது.

அடுத்த அரைமணி நேரம் பள்ளி ஆய்வாளரைப்போலக் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். அப்போது இன்னொரு கோலத்தையும் பார்த்தேன். நடு வரிசையில் ஒருவர் எழுந்து நின்று, கைபேசியின் டார்ச் விளக்கை எரியவிட்டு, தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இருந்த மூன்று வரிசைக்கும் திரை தெரியவில்லை. நான் சாதாரணப் படத்துக்கு வந்தவனைப்போல நடந்துகொண்டேன், அவர் ஸ்டேடியத்துக்கு வந்தவரைப்போல. இரண்டுமே இடம் தெரியாத நடத்தைதான்.

ஸ்டேடியத்தில் நாம் போடும் கூச்சல் மேடைக்குப் போய்ச் சேருகிறது. பாடகி சிரிக்கிறார், ஒரு வரியை நம்மிடம் விட்டுவிட்டு நிற்கிறார். திரையில் தெரிபவரோ அந்தப் பாட்டை என்றைக்கோ பாடி முடித்துவிட்டார். நாம் என்ன செய்தாலும் அது பக்கத்து இருக்கையில் இருப்பவருக்குத்தான் போய்ச் சேரும். இந்த வகைப் படங்களில் நடக்கிற ஏறக்குறைய எல்லாத் தவறும் இதை மறப்பதால் வருவதுதான்.

டிக்கெட்டிலேயே தொடங்கும் தவறுகள்

படத்தைத் தேர்ந்தெடுத்தால் போதாது, காட்சியையும் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் நாள் மாலைக் காட்சிக்குப் போய் உட்கார்ந்துகொண்டு "யாரும் பாடக் கூடாது" என்பது, திருவிழாவுக்கு நடுவே பாய் விரித்துத் தூங்கப் பார்ப்பதைப் போன்றது. அமைதியாகக் கேட்க விரும்புகிறவர்கள் சில நாட்கள் கழித்து, கூட்டம் குறைந்த பகல் காட்சிக்குப் போகலாம். ஆடிப்பாட நினைப்பவர்களுக்கு முதல் மூன்று நாள் மாலைதான் சரி.

திரையரங்கின் விதியையும் முன்கூட்டியே படித்துவிடுங்கள். 2023 அக்டோபரில் ஸ்விஃப்டின் படத்தை அமெரிக்காவில் வெளியிட்ட ஏ.எம்.சி. திரையரங்கு நிறுவனம், பாடலாம், ஆடலாம் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. கூடவே இருக்கைமேல் ஏறக் கூடாது, பிறர் பார்வையை மறைக்கக் கூடாது, திரையைப் பதிவு செய்யக் கூடாது என்றும் சொன்னது. எல்லாத் திரையரங்குகளும் இவ்வளவு தாராளமாக இருப்பதில்லை. ஜப்பானிலும் கொரியாவிலும் ஆரவாரத்துக்கென்றே தனிக் காட்சிகள் நடக்கின்றன. அங்கே ரசிகர்கள் ஒளிரும் கைவிளக்குகளைக் கொண்டுவந்து கூவலாம். மற்றக் காட்சிகளில் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

"அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவது அடுத்த தவறு. இந்தப் படங்கள் வழக்கமான படங்களைப்போல வாரக்கணக்கில் தினசரி ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஸ்விஃப்டின் படம் தொடக்கத்தில் வியாழன் முதல் ஞாயிறு வரை மட்டுமே திரையிடப்பட்டது. 2009 அக்டோபரில் வந்த மைக்கேல் ஜாக்சன் படத்தை இரண்டே வாரம் ஓட்டுவதாகத்தான் அறிவித்தார்கள், கூட்டத்தைப் பார்த்துப் பிறகு நீட்டித்தார்கள். எல்லாப் படத்துக்கும் அந்த நீட்டிப்பு கிடைக்காது.

விலை கூடிய டிக்கெட்டே சிறந்தது என்று நினைத்து ஏமாறுகிறவர்களும் உண்டு. ஐமாக்ஸில் முகங்களும் மேடையும் பிரம்மாண்டமாகத் தெரியும், அதில் சந்தேகமில்லை. ஸ்கிரீன்எக்ஸ் அரங்கில் பக்கச் சுவர்களிலும் படம் விழும். அங்கே முன்வரிசையில் உட்கார்ந்தால் அந்தச் சுவர்கள் உங்களுக்குப் பின்னால் போய்விடும், கொடுத்த கூடுதல் காசும் அதோடு போய்விடும். பின்பாதியின் நடுவில் இடம் பிடிக்க வேண்டும். 4டிஎக்ஸில் இருக்கையே ஆடும், காற்றடிக்கும், சில சமயம் தண்ணீர் தெளிக்கும். எழுந்து ஆட நினைப்பவர்களுக்கு அது சரிப்படாது. நமக்கு முன்பே நாற்காலி ஆடத் தொடங்கிவிடும், கையில் இருக்கும் குளிர்பானம் மடியில் இருக்கும்.

எழுந்து நிற்பது உறுதியென்றால் கடைசி வரிசையில் டிக்கெட் எடுங்கள். பின்னால் சுவர்தான் இருக்கும், சுவர் புகார் சொல்லாது. இவ்வளவு எளிய யோசனை எனக்கு இரண்டாவது தடவைதான் தோன்றியது.

ஒரே இரவின் பதிவு என்று நம்பிப் போவது

கச்சேரிக்குப் போக முடியாதவர்கள் "அப்படியே அது கிடைத்துவிடும்" என்ற எதிர்பார்ப்போடு வருகிறார்கள். அப்படியே கிடைப்பதில்லை. ஸ்விஃப்டின் மேடை நிகழ்ச்சி மூன்று மணி நேரத்தைத் தாண்டும். திரையரங்குப் படம் மூன்று மணிக்குச் சில நிமிடங்கள் குறைவு. அதனால் சில பாடல்கள் வெட்டப்பட்டன. தன் உயிர்ப் பாட்டு வரும் வரும் என்று காத்திருந்து, வராமலே போனதில் மனம் உடைந்த ஒருவரை என் வரிசையிலேயே பார்த்தேன். பாடல் பட்டியல் வெளியாகியிருந்தால் ஒருமுறை பார்த்துவிட்டுப் போவது நல்லது. பட்டியல் கையில் இருந்தால், எந்தப் பாட்டின்போது கழிப்பறைக்குப் போகலாம் என்பதையும் முன்பே தீர்மானித்துவிடலாம். இடைவேளை இருக்காது என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

நாம் பார்ப்பது ஒரே இரவும் அல்ல. ஸ்விஃப்டின் படம் 2023 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் அருகே உள்ள சோஃபை ஸ்டேடியத்தில் பல இரவுகள் பாடியதிலிருந்து தொகுக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த, இன்னொரு அமெரிக்கப் பாடகியான பியான்ஸேயின் படம் இதை ஒளிக்கக்கூட இல்லை. ஒரே பாட்டுக்குள், ஒரே அசைவின் நடுவில், உடை மாறிக்கொண்டே போகும். ஊர் ஊராக எடுத்த காட்சிகளை அவ்வளவு துல்லியமாகக் கோத்திருக்கிறார்கள். "ஐயோ, உடை மாறிவிட்டதே, தப்பு விட்டுவிட்டார்கள்" என்று என்னிடம் ஒருவர் குறை சொன்னார். அது தப்பு அல்ல, வித்தை. ஒவ்வோர் ஊரிலும் அதே நொடியில் அதே இடத்தில் அதே கோணத்தில் கையைத் தூக்கும் ஒழுங்கு இல்லாவிட்டால் அப்படி வெட்டி ஒட்டவே முடியாது.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தனி எண்ணம் இருக்கிறது. டாக்கிங் ஹெட்ஸ் என்ற ராக் இசைக்குழுவை வைத்து ஜோனதன் டெமி எடுத்து 1984இல் வந்த படத்தில், ஏறக்குறைய முடிவு வரை பார்வையாளர்களின் முகத்தையே காட்ட மாட்டார்கள். கூட்டம் ரசிப்பதைக் காட்டி உங்களை ரசிக்கச் சொல்லும் வேலையை அந்தப் படம் செய்யாது. மைக்கேல் ஜாக்சன் படமோ கச்சேரியே அல்ல. லண்டனில் நடக்கவிருந்த நிகழ்ச்சிகளுக்கான ஒத்திகை அது. 2009 ஜூனில் அவர் இறந்துபோனதால் அந்த நிகழ்ச்சிகள் நடக்கவே இல்லை. குரலை மிச்சம் பிடித்துப் பாதிப் பலத்தில் பாடுவார், பாதியில் நிறுத்தித் திருத்தம் சொல்வார். கைதட்டும் கூட்டத்தை எதிர்பார்த்து அதற்குப் போனவர்களுக்கு ஏமாற்றம். ஒரு கலைஞர் வேலை செய்யும் விதத்தைப் பார்க்கப் போனவர்களுக்கு விருந்து.

எதுவும் தெரியாமல் உள்ளே நுழைவது

ரசிகர் கூட்டத்துக்கென்று சில சடங்குகள் உண்டு. 2023இல் அமெரிக்காவில் ஸ்விஃப்ட் படத்தின் டிக்கெட் 19.89 டாலராகவும் குழந்தைகளுக்கு 13.13 டாலராகவும் இருந்தது. முதலாவதில் இருக்கும் 1989 அவர் பிறந்த ஆண்டு, அவருடைய ஓர் ஆல்பத்தின் பெயரும்கூட. 13 அவருக்குப் பிடித்த எண். மணி கோத்த கைவளைகளை முன்பின் தெரியாதவர்களோடு மாற்றிக்கொள்வதும் இந்தச் சடங்குகளில் ஒன்று. இதையெல்லாம் நீங்களும் செய்தாக வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒரு சிறுமி வளையலை நீட்டும்போது "எவ்வளவு?" என்று விலை கேட்காமல் இருக்கும் அளவுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

பியான்ஸேயின் நிகழ்ச்சியில் ஒரு பாட்டில் "எல்லோரும் மௌனம்" என்கிற பொருளில் ஒரு வரி வரும். அந்த நொடியில் பல்லாயிரம் பேர் சட்டென்று வாய்மூடிச் சிலையாக வேண்டும், அதுதான் விளையாட்டு. எந்த ஊர் நன்றாக அடங்கியது என்று போட்டியே நடந்தது. திரையரங்குகளிலும் ரசிகர்கள் அதைச் செய்தார்கள். நண்பர் ஒருவர் போன காட்சியில் மொத்த அரங்கும் உறைந்து நின்ற அந்தக் கணத்தில், பின்னாலிருந்து ஒரு குரல் நிதானமாகக் கேட்டதாம்: "என்ன, மெஷின் கெட்டுவிட்டதா?"

சத்தம்

கச்சேரிப் படத்துக்குச் சத்தம் வேண்டும். தி பேண்ட் என்ற ராக் இசைக்குழுவைப் பற்றி மார்ட்டின் ஸ்கார்செஸி எடுத்து 1978இல் வந்த படம், "இந்தப் படத்தை உரத்த ஒலியில் ஓட்ட வேண்டும்" என்ற எழுத்தோடுதான் தொடங்கும். திரையரங்கு ஒலிக்கான டால்பி முறையில் ஒலி அளவுக்கு 7 என்று ஒரு நிலையான புள்ளி உண்டு. ஒலிக்கலவை செய்பவர்கள் அதை நம்பித்தான் வேலை செய்கிறார்கள். பல திரையரங்குகளில் புகாருக்குப் பயந்து அதைக் குறைத்துவைத்து ஓட்டுகிறார்கள். அப்போது தாளம் தொலைவில் எங்கோ தட்டுவதுபோல இருக்கும், பக்கத்தில் பாடுகிறவரின் குரலே பாடகியின் குரலைவிட மேலே வந்துவிடும்.

இப்படியானால் படம் முடியும்வரை முணுமுணுத்துவிட்டு வெளியே போய்த் திட்டுவதில் பயனில்லை. இப்போதைய திரையரங்குகளில் படத்தைக் கணினி ஓட்டுகிறது, படம் ஓட்டும் அறையில் பெரும்பாலும் ஆளே இருப்பதில்லை. யாராவது எழுந்து போய்ச் சொன்னால்தான் தெரியும். இரண்டாவது பாட்டுக்குள் போய்ச் சொல்லிவிடுங்கள். எல்லோரும் "வேறு யாராவது போவார்கள்" என்று உட்கார்ந்திருந்த காட்சி ஒன்றில் நானும் இருந்தேன். கடைசிவரை ஒருவரும் போகவில்லை.

ஒலிக்கு ஏற்ற இருக்கை திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவில். சுவரோரத்தில் உட்கார்ந்தால் ஒரு ஒலிபெருக்கி மட்டும் காதுக்குள் பேசிக்கொண்டிருக்கும்.

குழந்தைகளோடு போகிறவர்கள் காதுகளை மறந்துவிடுகிறார்கள். பொழுதுபோக்கு அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்ன அளவு. வெளியே வந்தபின் காதில் ரீங்காரம் கேட்டால் சத்தம் அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று பொருள். நுரைப் பஞ்சு அடைப்பானை எடுத்துப்போவது கோழைத்தனம் அல்ல.

பளிச்சிடும் விளக்குகள் இன்னொரு விஷயம். ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு, வினாடிக்கு 3 முதல் 30 முறை வெட்டும் வெளிச்சம் ஆபத்தானது. மேடை விளக்குகள் தாராளமாக அந்த எல்லைக்குள் வரும். எச்சரிக்கைப் பலகையைப் படிக்காமல் உள்ளே போகாதீர்கள். திடீரென்று வெட்டத் தொடங்கினால் இரண்டு கண்ணையும் மூடுவதைவிட, ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்க மறைத்துக்கொண்டு முகத்தைத் திருப்புவதே உதவும். இமை வழியாகவும் ஒளி புகுந்துவிடும்.

கைபேசி, கால், பளபளப்பு

திரையில் தெரியும் கறுப்பு உண்மையில் கறுப்பு அல்ல. அது வெள்ளைத் திரையில் ஒளி விழாத இடம், அவ்வளவுதான். அரங்குக்குள் ஒரு டார்ச் எரிந்தால் அந்த வெளிச்சம் சிதறித் திரையில் படும், கறுப்பு சாம்பலாகும், மேடையின் ஆழமே போய்விடும். ஸ்டேடியத்தில் ஐம்பதாயிரம் கைபேசி விளக்குகள் வானம்போல இருக்கும். திரையரங்கில் ஒன்றே ஒன்று, மற்றவர்களுக்குக் கண்ணில் விழுந்த தூசி.

பதிவு செய்வது பற்றி நீட்டத் தேவையில்லை. அது பல நாடுகளில் குற்றம். அமெரிக்காவின் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் தடவைக்கே மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. நினைவுக்கு ஒரு படம் வேண்டுமென்றால் தொடங்குவதற்கு முன்பே திரைக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்துவிடலாம்.

ஆடுகிறவர்கள் படிக்கட்டில் இறங்கி ஆடுவதைத் தவிர்க்க வேண்டும். அந்தப் படிகள்தான் அவசர வழி. இருட்டில் கால் தவறினால் இருக்கை விளிம்பில்தான் போய் விழுவோம். ஜிகினா உடை அணிவது அவரவர் உரிமை. ஆனால் கைப்பிடியைப் பகிர்ந்துகொள்ளும் பக்கத்துக்காரரின் முழங்கை சிராய்ந்துபோகும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

தெரியாத வரிகளை ஊகித்து உரக்கப் பாடுவது தவறா என்று அண்ணன் மகளிடம் கேட்டேன். "பல்லவி மட்டும் பாடுங்கள்" என்று தீர்ப்பு வந்தது. அதையே நானும் பரிந்துரைக்கிறேன்.

கடைசித் தவறு, பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழுந்துவிடுவது. அந்த இடம் வந்ததும் கணினி விளக்கைப் போட்டுவிடும், எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்வோம். நான் கூட்டத்தில் சிக்காமல் இருக்க அண்ணன் மகளையும் இழுத்துக்கொண்டு வாகனம் நிறுத்தும் இடத்துக்கு ஓடினேன். அந்தப் படத்தில் பெயர்கள் ஓடும்போது, உள்ளே வெட்டப்பட்டிருந்த ஒரு பாட்டும் மேடைக்குப் பின்னால் நடந்த வேடிக்கைகளும் வந்தன என்பது மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தெரியவந்தது. அது அவளுடைய உயிர்ப் பாட்டு. அடுத்த வியாழக்கிழமைக்குக் கடைசி வரிசையில் இரண்டு டிக்கெட் எடுத்தபிறகுதான் என்னோடு பேசினாள்.