94.9 சதவீதம் திறன் தரும் எஞ்சின்: மெக்கானிக்கல், எனர்ஜி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

527 டிகிரி செல்சியஸில் வெப்பத்தை வாங்கி 27 டிகிரியில் வெளியே தள்ளும் கார்னாட் எஞ்சினின், அதாவது இழப்பே இல்லாத கற்பனை எஞ்சினின், திறன் என்ன? தெர்மோடைனமிக்ஸ் பேப்பரில் ஆரம்பத்திலேயே வரும் கணக்கு இது. 27ஐ 527ஆல் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்து, 94.9 சதவீதம் என்று எழுதி, அடிக்கோடும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. முதல் இன்டர்னலில் நானும் அப்படிப் போனவன்தான். 273ஐக் கூட்டிக் கெல்வினுக்கு மாற்றினால் 800, 300, விடை 62.5. மாற்ற மறந்ததுகூடப் பரவாயில்லை. 94.9ஐப் பார்த்தும் உறுத்தவில்லையே, அதுதான் வருத்தம். நிலக்கரி அனல்மின் நிலையங்களே 35, 40 சதவீதத்தை ஒட்டித்தான் ஓடுகின்றன.

அடுத்தது ஸ்டீம் டேபிள், எந்த அழுத்தத்தில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்பது போன்ற விவரங்கள் உள்ள அட்டவணை. அழுத்தம் அளக்கும் கேஜ் காட்டுவது காற்றழுத்தத்தோடு ஒப்பிட்ட அளவை மட்டும். டேபிள் அச்சடித்திருப்பது, காற்றழுத்தம் சுமார் ஒரு பாரையும் சேர்த்த முழு அழுத்தத்துக்கு. பாய்லர் கேஜ் 10 பார் காட்டினால் பார்க்க வேண்டியது 11 பார் வரிசை. கொதிநிலை 180லிருந்து 184 ஆகும், நாலு டிகிரிதானே என்று விட்டுவிடத் தோன்றும். சரி, நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கண்டென்சருக்கு வாருங்கள். அங்கே, காற்றழுத்தத்தைவிட எவ்வளவு குறைவு என்று காட்டும் வேக்குவம் கேஜ் 0.9 பார் காட்டினால் உள்ளே இருப்பது 0.11 பார்தான். கொதிநிலை 48 டிகிரிக்குப் பக்கம். 0.9 பார் வரிசையையே எடுத்தால் 97 வரும். அதற்கு மேல் போடும் கணக்கெல்லாம் வீண்.

எனர்ஜி பக்கம் வந்தால் மின்சாரம் வரும் வேகமான கிலோவாட்டையும் மொத்த அளவான கிலோவாட் மணியையும் குழப்புவது தீராத வியாதி. வீட்டுக்கு வரும் கரண்ட் பில்லில் உள்ள யூனிட்தான் கிலோவாட் மணி. கமுதி சூரிய மின் நிலையம் 648 மெகாவாட் என்றதும் அதை 24ஆல் பெருக்கிவிடுகிறார்கள். சாயங்காலம் ஆறரைக்கு மேல் அங்கே என்ன இருக்கும்? அதோடு, பேனலின் திறனைச் சோதிப்பது 25 டிகிரியில். உச்சி வெயிலில் சிலிக்கான் பேனல் 60 டிகிரியைத் தொட்டால், டிகிரிக்கு 0.4 சதவீதம் என்று வைத்தாலும் 14 சதவீதம் போய்விடும்.

காற்றாலையில் வேறொரு பொறி. காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். பாதி நேரம் 4 மீட்டர், பாதி நேரம் 8 மீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்றுக்குச் சராசரி 6 என்று எடுத்து மும்மடியாக்கினால் 216. தனித்தனியாக மும்மடியாக்கிச் சராசரி எடுத்தால் 288. கால் பங்கு கணக்கிலேயே காணாமல் போகிறது! தென்மேற்குப் பருவத்தில் சீறி, மற்ற மாதங்களில் சோம்பிக் கிடக்கும் முப்பந்தல் காற்றுக்கு வருடச் சராசரியை வைத்துக் கணக்குப் போட்டால் என்னாகும், பாருங்கள்.

வெப்பத்தையும் அழுத்தத்தையும் கணக்கிட்டு சாஃப்ட்வேர் வரைந்து தரும் கலர் படத்தைக் கையால் ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் நம்பாதீர்கள். லேத்தில், பொருளைப் பிடிக்கும் சக்கை இறுக்கும் சாவியான சக் கீயைச் சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போடாதீர்கள். அது தெறித்து வந்தால் எதிரே நிற்பவர் மண்டை உடையும்.

அப்புறம் ரெக்கார்டு நோட்டு. சீனியரின் ரீடிங்கைக் காப்பியடிப்பவர் அவர் எந்த மாதம் எடுத்தார் என்று பார்ப்பதே இல்லை. நோட்டில், சோதனைக் கருவிக்குள் வரும் தண்ணீர் 26 டிகிரி. வாய்மொழித் தேர்வான வைவா நடப்பதோ மே மாதம், மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருவது கை சுடும் தண்ணீர். வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் குழாயைத் திறந்து, “தொட்டுப் பாருப்பா” என்பார்.