ஹாட் பேக் வைப்பதற்கு முன்: புது பிசியோக்களுக்குச் சில சட்ட, நெறி விஷயங்கள்

பிசியோதெரபி பட்டப்படிப்பான பிபிடி முடித்துவிட்டு கிளினிக் போடப் போகிறவர்கள், ஹோம் விசிட் ஆரம்பிக்கிறவர்கள் எல்லாரும் முதலில் விசாரிப்பது எந்த மெஷின் வாங்கலாம், சிட்டிங்குக்கு எவ்வளவு கேட்கலாம் என்றுதான். அதற்கு முன்னால் உட்கார்ந்து யோசிக்க வேண்டியவை சில இருக்கின்றன. தமிழ்நாட்டில் வேலை செய்கிறவர்களை மனதில் வைத்து அவற்றைச் சொல்கிறேன்.

காகித வேலையை முதலில் முடித்துவிடுங்கள். பிசியோதெரபி இப்போது 2021-ஆம் ஆண்டின் தேசிய இணை மற்றும் சுகாதார வல்லுநர்கள் ஆணையச் சட்டத்துக்குள் வருகிறது, அதனால் பதிவு விஷயத்தை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள். கிளினிக் வைத்தால் அந்த இடத்துக்கும் தனியாகப் பதிவு வேண்டும். 1997-இல் வந்த தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டம் வெளிநோயாளிகளை மட்டும் பார்க்கிற இடங்களையும் சேர்த்தே பேசுகிறது. பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போடலாமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 2025 செப்டம்பரில் போடக்கூடாது என்று மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் கடிதம் அனுப்பியது, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது. அந்தச் சண்டை எப்படி முடிந்தாலும் சரி, போர்டிலும் சீட்டிலும் ‘பிசியோதெரபிஸ்ட்’ என்ற சொல் பெரிதாக இருக்க வேண்டும். உங்களை எம்பிபிஎஸ் என்று நினைத்துக்கொண்டு ஒருவர் வந்து படுத்தால், அவர் கொடுத்த சம்மதத்துக்கே அர்த்தம் இல்லை.

சரி, இப்போது சிகிச்சைக்கு வருவோம். பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும் விஷயத்தில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. இருபது வருடமாகச் சர்க்கரை இருக்கும் ஒரு அம்மா முழங்கால் வலி, கால் வலி என்று வருகிறார். ஹாட் பேக் வைக்கிறீர்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுடுவது அவருக்குத் தெரியாது, மறுநாள் கொப்புளம், அப்புறம் புண், அந்தப் புண் ஆறாமல் விரலையே எடுக்க வேண்டிய நிலைமைகூட வரலாம். இரண்டு டெஸ்ட் டியூபில் வெந்நீரும் குளிர்ந்த நீரும் வைத்துத் தொட்டுக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும் விஷயம் இது. அதேபோல பேஸ்மேக்கர் இருக்கிறதா, உள்ளே உலோக பிளேட் இருக்கிறதா, கர்ப்பமாக இருக்கிறாரா என்று கேட்காமல், மின்காந்த அலையால் உடலுக்குள் சூடு கொடுக்கும் ஷார்ட்வேவ் டயாதெர்மியைத் தொடவே கூடாது. ‘கரண்ட் வைங்க, போன தடவை அதுலதான் கேட்டுச்சு’ என்று பேஷண்ட்டே வற்புறுத்தினாலும் முடிவும் பொறுப்பும் உங்களுடையவைதான். கேட்டீர்கள் என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். எழுதாததை நுகர்வோர் ஆணையத்தில் நிரூபிப்பது ரொம்பக் கஷ்டம். காசு வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது.

நம்மால் முடியாததைத் தெரிந்துகொள்வதும் கடமைதான். இடுப்பு வலியோடு வருகிறவர் தொடையிடுக்கு மரத்திருக்கிறது, சிறுநீர் போவது தெரியவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்புங்கள், ஒரு சிட்டிங்கூட வேண்டாம். ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவரின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அங்கே மசாஜ் கூடவே கூடாது. அது ரத்தக்கட்டியாக இருந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அலட்சியத்தால் மரணம் என்ற குற்றத்துக்கு இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு ஐந்து வருடம் வரை சிறை என்கிறது, பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டும் இரண்டு வருடம் வரை. அந்தச் சலுகை தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி பதிவானவர்களுக்குத்தான், நமக்கு இல்லை. இது நிறையப் பேருக்குத் தெரியாது.

சம்மதம் என்பது முதல் நாள் வாங்கும் ஒரு கையெழுத்தோடு முடிவதில்லை. எங்கே தொடப் போகிறேன், ஏன், எந்தத் துணியை எவ்வளவு விலக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் தமிழில் சொல்லுங்கள், அவர் தலையாட்டிய பிறகு தொடுங்கள். ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் தீர்ப்பு வந்தது. அது அறுவை சிகிச்சை வழக்குதான், ஆனால் உடற்பயிற்சிக்கு வந்தவருக்குச் சொல்லாமல் ஊசி குத்தும் டிரை நீடிலிங் செய்தால் இதே கேள்விதான் எழும். பெண் பேஷண்ட் என்றால் கூட ஒருவர் இருக்கட்டும், வீட்டுக்குப் போனால் கதவு திறந்திருக்கட்டும். குழந்தைகளைப் பார்க்கிறவர்கள் இன்னொன்றையும் மறக்கக்கூடாது: பாலியல் துன்புறுத்தல் நடந்திருப்பது தெரிந்தாலோ நடக்கும் என்று அஞ்சினாலோ போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி போலீசிடம் சொல்லியே ஆக வேண்டும், குடும்பம் கெஞ்சினாலும் மறைக்க முடியாது.

பேஷண்ட் நடக்கும் வீடியோவை இன்ஸ்டாகிராமில் போடும் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பக்கவாதம் வந்து வாய் கோணிய நிலையில் இருக்கும் ஒருவர், ‘போட்டுக்கட்டுமா சார்’ என்று தனக்கு வைத்தியம் பார்ப்பவரே கேட்டால் எப்படி மறுப்பார்? எழுத்தில் சம்மதம் இருந்தாலும் முகத்தை மறையுங்கள், முடிந்தால் போடவே போடாதீர்கள்.

கமிஷன் கொடுத்து கேஸ் வாங்காதீர்கள். ஆர்த்தோ டாக்டருக்கு ஒரு பங்கு போனால் ஆறு சிட்டிங்கில் முடிய வேண்டியது இருபதாக நீளும், அந்தப் பணம் பேஷண்ட் பையிலிருந்துதான் போகிறது. எத்தனை சிட்டிங் ஆகலாம், எப்போது நிறுத்துவோம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். முன்னேற்றம் இல்லையென்றால் அதையும் நேராகச் சொல்லுங்கள்.

ஏதாவது தவறாகப் போய்விட்டால் உடனே பேஷண்ட்டிடமும் குடும்பத்திடமும் சொல்லுங்கள், முதலுதவி செய்து டாக்டரிடம் அனுப்புங்கள், நடந்ததை நேரத்தோடு எழுதுங்கள். பழைய குறிப்பைத் திருத்தாதீர்கள். விட்டுப்போனது இருந்தால் இன்றைய தேதி போட்டுக் கீழே தனியாக எழுதுங்கள். நுகர்வோர் புகாருக்கு இரண்டு வருடக் கெடு, மருத்துவர்களுக்கான விதி மூன்று வருடம் ஆவணம் வைக்கச் சொல்கிறது, நாமும் அதற்குக் குறையாமல் வைத்திருப்பது நல்லது. பேஷண்ட் நகல் கேட்டால் கொடுங்கள். தொழில் பொறுப்புக் காப்பீட்டை முதல் பேஷண்ட்டைப் பார்ப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், ஹோம் விசிட்டும் அதில் அடங்குகிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.