வாங்கும் முன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள்

தெரிந்தவர் யாராவது குறைந்த விலையில் மலைச் சைக்கிளோ மின்சார சைக்கிளோ வாங்கப் போகிறேன் என்றால், அழைக்காமலேயே கூடப் போய்விடுவேன். என் பையில் மூன்று பொருள்கள் இருக்கும்: 8 மில்லிமீட்டர் ஆலன் சாவி, ஓர் அடி இரும்பு அளவுகோல், பெட்டி தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு. தராசை வெளியே எடுத்ததும் விற்பவரின் முகம் மாறுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அதற்காக அதை உள்ளே வைத்ததில்லை.

இந்தப் பழக்கம் ஒரு தவறிலிருந்து வந்தது. நான் முதலில் வாங்கிய மலைச் சைக்கிளில் 21 கியர், முன்னும் பின்னும் ஷாக், பளபளக்கும் டிஸ்க் பிரேக் என எல்லாம் இருந்தன. எடை 18 கிலோ. மேட்டில் ஏறும்போது நான் மிதித்ததில் பாதியைப் பின்புற ஸ்பிரிங் விழுங்கியது. மூன்றாம் மாதம் ஷாக்கின் மூட்டில் ஆட்டம். ஐந்தாம் மாதம் பின் சக்கரத்தின் அச்சான ஆக்சில் வளைந்தது. சரிசெய்யக் கேட்ட தொகைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் வேறு வண்டியே வாங்கலாம் போலிருந்தது.

குறைந்த விலை வண்டி என்றால் குறை இருக்கத்தான் செய்யும். அந்தக் குறை எங்கே இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். டயர், சீட், பெடல், கைப்பிடி, பிரேக் கட்டை ஆகியவை மோசமாக இருந்தால் மன்னித்துவிடலாம், ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். ஃப்ரேம், பின் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்), ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை), மின்சார வண்டியாக இருந்தால் பேட்டரி, இவற்றில் குறை இருந்தால் மன்னிக்கவே கூடாது. விற்பவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நல்ல சாமான், தெரியாத இடத்தில் மட்டமான சாமான். எனவேதான் நானும் வண்டியைத் தலைகீழாக நிறுத்துகிறேன்.

முதலில் எடை. முன் ஷாக் மட்டும் உள்ள விலை குறைந்த மலைச் சைக்கிள் 14 முதல் 16 கிலோ இருந்தால் அது இயல்பு. 18 கிலோவை எட்டினால், பயனில்லாத இரும்பு எங்கோ ஒளிந்திருக்கிறது; அநேகமாகப் பின் ஷாக்கிலும் ஃபோர்க்கிலும். மலிவு விலையில் பின் ஷாக் உள்ள வண்டி வேண்டவே வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

பிறகு வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றுங்கள். ஃப்ரேமில் விரலை ஊன்றி ரிம்முக்கு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டால் கோணல் தெரியும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பக்கவாட்டில் ஆடினால் கவலை இல்லை, கம்பிகளை முறுக்கிப் பெண்டு எடுத்துவிடலாம். ரிம் மேலும் கீழுமாகக் குதித்தால் வேறு வண்டியைக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அமுக்கிப் பாருங்கள். சில விறைப்பாகவும் சில தொளதொளவென்றும் இருந்தால், அந்தச் சக்கரத்தை யாரோ அவசரத்தில் கட்டியிருக்கிறார்கள். கடைசியாக ரிம்மைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். டொக்கென்று சத்தம் வந்தால் ஹப் தளர்ந்திருக்கிறது. இதை இறுக்கப் பத்து நிமிடம் போதும். கண் முன்னால் இறுக்கித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் பிற்பாடு எப்படி நடந்துகொள்வார்கள் என்பது தெரிந்துவிடும்.

பின் ஹப்பில் இன்னும் கொஞ்சம் நேரம் செலவிட வேண்டும். பின்னால் 7 பல்சக்கரங்கள் இருந்தால் அது பெரும்பாலும் ஃப்ரீவீல் வகை; பல்சக்கரத் தொகுதி முழுவதும் ஹப்பின் மேல் திருகப்பட்டிருக்கும். அதனால் வலப்பக்கத்து பால் பேரிங் உள்ளே தள்ளி அமைந்துவிடுகிறது. அதற்கு வெளியே நீளும் ஆக்சிலுக்குத் தாங்கல் இல்லை. 82 கிலோ எடையுள்ள நான் நடைபாதை விளிம்பிலிருந்து இறங்கி இறங்கியே இரண்டு ஆக்சில்களை வளைத்திருக்கிறேன். பல்சக்கரங்களைத் திருகாமல் செருகி வைக்கும் கேசட் வகை ஹப்பில் அந்த பேரிங் வெளி ஓரத்துக்கு அருகில் இருக்கும், ஆக்சில் தாங்கும். 8 அல்லது 9 பல்சக்கரம் என்றால் கேசட்டாக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்றாலும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். எடை குறைந்தவர், தார்ச்சாலையில் மட்டும் போகிறவர் என்றால் ஃப்ரீவீல் போதும். மற்றவர்கள் 21 கியரா 24 கியரா என்று எண்ணுவதை விட்டுவிட்டு இந்த ஒன்றைக் கேளுங்கள். முன்னால் மூன்று பல்சக்கரம் இருந்தால் பெருக்குத்தொகை பெரிதாக வரும். அவற்றில் பல கியர்கள் ஏறத்தாழ ஒரே அளவுதான்.

முன் ஃபோர்க்கை இரண்டு கையாலும் அழுத்தி, சட்டென்று விடுங்கள். சக்கரம் தரையிலிருந்து துள்ளினால் உள்ளே ஸ்பிரிங் மட்டும்தான் இருக்கிறது. துள்ளலை அடக்கும் எண்ணெய் ஏற்பாடு எதுவும் இல்லை. மேலே உள்ள திருகு அந்த ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்குமே தவிர, துள்ளலைக் குறைக்காது. இப்படிப்பட்ட ஃபோர்க் தனியாகவே இரண்டரைக் கிலோ இருக்கும். இந்த விலையில் ஷாக் இல்லாத ஃபோர்க்கும் அகலமான டயரும் கிடைத்தால் நான் அதையே எடுப்பேன். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தாலே பாதி அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும்.

பிரேக் விஷயத்தில் டிஸ்க் என்ற சொல்லுக்கே பலர் மயங்குகிறார்கள். 1976இல் கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் மலைச் சைக்கிளின் முன்னோடிகள் ஒரு செங்குத்தான மண்பாதையில் பந்தயம் விட ஆரம்பித்தார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக்குகள். ஒரு முறை இறங்கினாலே ஹப்புக்குள் இருந்த கிரீஸ் புகைந்து போகும், மறுபடி அடைக்க வேண்டும். அதனால் பந்தயத்துக்கே ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. நீண்ட இறக்கத்தில் வெப்பம் எங்கே போகிறது என்பதுதான் பிரேக்கின் கேள்வி, அன்றும் இன்றும். கேபிளில் இயங்கும் மலிவு டிஸ்க் பிரேக்கில் பெரும்பாலும் ஒரு பக்கத்து பிரேக் பட்டை மட்டுமே நகரும். அது டிஸ்க்கை வளைத்து மறுபக்கப் பட்டையில் கொண்டுபோய் ஒட்டும். தேயத் தேய இரண்டு பட்டைகளையும் திருகிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். அதைச் செய்யாதவருக்கு, ரிம்மை இரு பக்கமும் ரப்பர் கட்டையால் பிடிக்கும் நல்ல வி-பிரேக்கே மேல். சேற்றிலும் மழையிலும் ஓட்டுபவருக்கு டிஸ்க் தேவை, ஏனென்றால் வி-பிரேக் ஈர ரிம்மில் வழுக்கும், மண் சேர்ந்தால் ரிம்மையே அரித்துவிடும். எதுவானாலும் இரண்டே விரலால் பிடித்துப் பாருங்கள். லிவர் கைப்பிடியைத் தொடும் அளவுக்கு வந்தால் அங்கேயே இறுக்கச் சொல்லுங்கள். இறுக்கியும் வந்தால் வேண்டாம்.

ஃப்ரேமில் சிறியதாக ஒரு ஸ்டிக்கர் இருக்கிறதா என்றும் தேடுங்கள். மலைச் சைக்கிள் தோற்றத்தில் இருக்கும் சில வண்டிகளில் ‘கரடுமுரடான பாதைக்கு ஏற்றதல்ல’ என்று அச்சிட்டிருப்பார்கள். எந்த வண்டி எந்தப் பாதைக்கு என்று பிரிக்கும் ஏஎஸ்டிஎம் எஃப்2043 என்ற தர வகைப்பாட்டின் எண்ணைச் சிலர் போடுவார்கள்: 1 என்றால் தார்ச்சாலை மட்டும், 2 என்றால் சரளைப் பாதை, 15 செ.மீ. வரை குதிக்கலாம், 3இல்தான் கரடுமுரடான காட்டுப்பாதை வருகிறது. டயரில் பெரிய பெரிய முள் இருப்பதால் 2 ஒருநாளும் 3 ஆகிவிடாது.

பழைய வண்டி என்றால் இரும்பு அளவுகோல் வெளியே வரும். செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடினால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டால் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். அந்தச் செலவையும் பேரத்தில் சேர்த்துவிடுங்கள்.

இனி மின்சார சைக்கிள். மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் இதற்கும் பொருந்தும். எடை 20 கிலோவைத் தாண்டும் என்பதால் இன்னும் கறாராகச் செய்ய வேண்டும். அதோடு ஒரு பெருக்கல். பேட்டரியின் வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள்; அதில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்பது வாட்-மணிக் கணக்கில் வரும். 36 வோல்ட், 7.8 ஆம்பியர்-மணி என்றால் ஏறத்தாழ 280 வாட்-மணி. விளம்பரத்தில் 60 கிலோமீட்டர் போகும் என்றிருக்கும். 280ஐ 60ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு ஐந்து வாட்-மணிகூட வரவில்லை. அந்தக் கணக்கில் வண்டியை ஓட்டுவது மோட்டார் அல்ல, நீங்கள். நான் போடும் கணக்கு: சமதளத்தில் நன்றாக மிதித்தால் கிலோமீட்டருக்கு 10, மேடும் எதிர்காற்றும் இருந்தால் 15, மிதிக்காமல் மோட்டாரில் மட்டும் போனால் 20. மேட்டுப் பாதைக்கு 280 வாட்-மணி 18 கிலோமீட்டர் தரும். பேட்டரி பழசாகும்போது அதிலும் குறையும். போக வர 16 கிலோமீட்டர் உள்ளவர் இதை வாங்கினால் இரண்டாம் ஆண்டில் பாதி வழியில் 22 கிலோ இரும்பைத் தனியாக மிதித்துக்கொண்டு வருவார். எனக்குத் தெரிந்தே ஒருவர் அப்படி வந்தார். கண்ணாடியில் அவரைத் தினமும் பார்க்கிறேன்.

அதனால் இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். இதே பேட்டரி தனியாகக் கிடைக்குமா, அதன் இன்றைய விலை என்ன? இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லத் தெரியாதவரிடம் முதல் கேள்விக்கான பதிலையும் நம்பாதீர்கள். ஃப்ரேம் குழாய்க்குள் மறைந்திருக்கும் பேட்டரி அழகாகத்தான் இருக்கிறது. அந்த வடிவத்தில் வேறு யாரும் செய்யவில்லை என்றால் பேட்டரியோடு வண்டியின் ஆயுளும் முடிந்துவிடும். சார்ஜரின் முதுகையும் படியுங்கள். 36 வோல்ட் லித்தியம்-அயான் பேட்டரிக்கு வழக்கமாக 42 வோல்ட், 48 வோல்ட்டுக்கு 54.6 என்று இருக்கும். மாற்றிப் போட்டால் தீப்பிடிக்கலாம். உப்பிய பேட்டரி, பிரித்து ஒட்டிய பேட்டரி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். வீட்டில் சார்ஜ் போடும் இடம் வெளியேறும் வழியாக இருக்கக் கூடாது.

குறைந்த விலையில் மோட்டார் பெரும்பாலும் பின் சக்கர ஹப்பில்தான் இருக்கும். அதில் தவறில்லை. செயினுக்குப் பாரம் ஏறாது, பழுது பார்ப்பதும் எளிது. செங்குத்தான மேட்டில் மெதுவாக ஊர்ந்தால் சூடாகும். பின் சக்கரம் பஞ்சரானால் ஒயரைக் கழற்றி, நட்டைத் திருகி, மழையில் நின்று திட்ட வேண்டும். மிதிக்கும் இடத்தில் மோட்டார் உள்ள வண்டி மேட்டை நன்றாக ஏறும், ஆனால் செயினையும் பல்சக்கரத்தையும் சீக்கிரம் தின்னும். ஹப் மோட்டாரில் எந்த வகை என்று அறிய, மின்சாரத்தை அணைத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். முன்னோக்கி லேசாகவும் பின்னோக்கிக் கனமாகவும் சுற்றினால் உள்ளே பல்சக்கரம் உள்ள வகை. பேட்டரி தீர்ந்தாலும் மிதித்து வீடு சேரலாம். இரு பக்கமும் கனத்தால் காந்தத்தின் இழுப்பு எப்போதும் உங்களோடு வரும்.

கடைசியாக ஓட்டிப் பாருங்கள், நேராக அல்ல, எட்டுப் போட்டு. மலிவு வண்டிகளில் பெடல் சுழல்கிறதா என்பதை மட்டும் அறியும் சென்சார்தான் இருக்கும். எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. குறுகிய திருப்பத்தில் லேசாக மிதித்தாலும் ஒரு நொடி கழித்து முழு வேகத்தில் தள்ளும். முதல் வாரத்தில் அப்படித்தான் ஒரு வேலிக்குள் போனேன். பழகிவிடும், ஆனால் பிரேக் பிடித்தவுடன் மோட்டார் நிற்க வேண்டும். பின் சக்கரத்தைத் தூக்கி, மோட்டாரை ஓடவிட்டு, லிவரை லேசாகத் தொடுங்கள். உடனே நிற்கவில்லை என்றால் அந்த வண்டி வேண்டாம். பெரிய எழுத்தில் உள்ள வாட் எண் உச்ச அளவா தொடர் அளவா என்றும் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர் அளவு 250 வாட்டையோ மோட்டார் உதவும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரையோ தாண்டினால் அதைச் சாதாரண சைக்கிளாக ஏற்க மாட்டார்கள். உங்கள் நாட்டு விதியைப் பணம் கொடுக்கும் முன் பாருங்கள்.

வாங்கி முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் பெடலைத் தாங்கும் கைகளான கிராங்குகளின் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். குறிப்பாக இடப்பக்கம். தளர்ந்த கிராங்கோடு ஒரு வாரம் மிதித்தால் அலுமினியத்தின் சதுரத் துளை உருண்டுவிடும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. நான் கூடப் போய் வாங்கிக் கொடுத்தவர்களிடமிருந்து மூன்றாவது வாரம் வரும் தொலைபேசி அழைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: மிதிக்கும்போது இடது பக்கம் டக் டக் என்கிறது. வண்டியை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு வரச் சொல்லிவிட்டு, 8 மில்லிமீட்டர் சாவியைத் தேடுவேன்.