உமிழ்நீர்ச் சுரப்பி ஸ்கேன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணீர் குடிக்காமல் இட்லியைக்கூட விழுங்க முடியவில்லை என்று சொல்லும் ஐம்பது வயதுப் பெண்ணைச் சென்னை வெயிலைக் காரணம் காட்டி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் கண்ணிலும் மண் விழுந்தாற்போல் உறுத்தல் நீடித்தால் ஷோக்ரன் நோயை நினைத்துப் பார்க்க வேண்டும். இந்நோயில் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்குகின்றன. அந்தப் பாதிப்பைப் பார்க்க உதவுவதுதான் உமிழ்நீர்ச் சுரப்பிகளின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்.

தவறு பெரும்பாலும் மருத்துவர் எழுதும் சீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. 'கழுத்து ஸ்கேன்' என்று மட்டும் இருந்தால், தைராய்டையும் நெறிக்கட்டிகளையும் (நிணநீர்க் கணுக்கள்) பார்த்துவிட்டு ரிப்போர்ட் கொடுத்துவிடக்கூடும். காதுக்கு முன்னும் கீழும் உள்ள பரோட்டிட், தாடைக்கு அடியிலுள்ள சப்மாண்டிபுலர் ஆகிய சுரப்பிகளை இருபுறமும் பார்க்குமாறும், சந்தேகம் ஷோக்ரன் என்றும் எழுத வேண்டும். (இந்த அல்ட்ராசவுண்டுக்கு வெறும் வயிற்றோடு வந்து காத்திருக்கத் தேவையில்லை.)

'நார்மல்' என்று வந்ததும் நோயே இல்லை என்று முடிவுகட்டுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. சுரப்பியின் உட்புறம் சீராக இருந்தால் 0 என்றும், கருநிறத் திட்டுகள் முழுவதும் பரவியிருந்தால் 3 என்றும் தரம் பிரிக்கிறார்கள். தொடக்க நிலையில் இந்தத் திட்டுகள் தெரியாமலே போகலாம். அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் 2016-இல் வெளியிட்ட, மதிப்பெண்களைக் கூட்டி ஷோக்ரனை அடையாளம் காணும் வகைப்பாட்டில் ஸ்கேனுக்கு மதிப்பெண்ணே இல்லை. ரத்தத்தில் ஆன்டி-ரோ என்னும் எதிர்ப்பொருள் இருந்தால் 3, உதட்டுத் திசுப் பரிசோதனையில் உரிய அளவு அழற்சி தெரிந்தால் 3, தூண்டாமல் ஊறும் உமிழ்நீர் நிமிடத்துக்கு 0.1 மில்லி அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் 1 என்று கூட்டி, குறைந்தது 4 வர வேண்டும்.

மறுபுறம், திட்டுகளைக் கண்டதுமே ஷோக்ரன் என்று முத்திரை குத்துவதும் சரியல்ல. சார்காய்டோசிஸ் (உறுப்புகளில் சிறு அழற்சிக் கட்டிகள் உருவாகும் நோய்), ஐஜிஜி4 நோய் (சுரப்பிகளை வீங்கவைக்கும் இன்னொரு நோய் எதிர்ப்புக் கோளாறு), எச்ஐவி தொற்று ஆகியவற்றிலும் ஏறத்தாழ அதே தோற்றம் வரலாம். அலர்ஜி மாத்திரையோ மனச்சோர்வு மாத்திரையோ உண்டாக்கும் வறட்சியை ஸ்கேன் காட்டாது; மருந்துச் சீட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

ஏற்கெனவே ஷோக்ரன் உறுதியானவருக்கு ஒரு பக்கம் மட்டும் வீங்கி, கெட்டியாகி, வாரக்கணக்கில் வடியாமல் இருந்தால், பழைய ஸ்கேன்தான் இருக்கிறதே என்று விடக்கூடாது. சிலருக்குப் பரோட்டிட்டில் லிம்போமா என்னும் புற்றுநோய் உருவாகிறது. அப்போது புதிய அல்ட்ராசவுண்ட், எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் ஊசிவழித் திசுப் பரிசோதனை என்று செல்ல வேண்டும். ஒப்பிட உதவுவது முந்தைய படங்கள்தான் என்பதால், ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு படங்களைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.