ஒரே சீட்டு இரண்டு முறை ஏறாமல் தடுப்பது எப்படி? டேட்டாபேஸ் புதிதாகப் பழகுவோருக்கு

டேட்டாபேஸில் ஒரே வரவு இரண்டு வரியாக ஏறிவிட்டால் அப்போதைக்கு யாருக்கும் தெரியாது. கணக்கு முடிக்கிற அன்று கூட்டுத்தொகை இடிக்கும். பிறகு உட்கார்ந்து தேட வேண்டும்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கமிருந்து விடியற்காலையிலேயே பூ வந்து இறங்கும். எடை போட்டுச் சீட்டு எழுதியதும் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். நெட் இழுக்கிறதே என்று பதிகிறவர் சேவ் பொத்தானை இன்னொரு தட்டு தட்டுகிறார். எட்டரை கிலோ மல்லி, கணக்கில் பதினேழு கிலோ ஆகிவிடுகிறது. முகூர்த்த நாளில் மல்லி கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிற ஊரில் இதைச் சின்ன விஷயம் என்று விட முடியாது.

கீழே வருவதெல்லாம் போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் கட்டளைகள். இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல் வேறுபடும் சில இடங்களை அங்கங்கே சொல்கிறேன். கட்டளைச் சொற்களை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டுங்கள். டேபிள் பெயரும் நெடுவரிசைப் பெயரும் தமிழிலேயே இருக்கலாம். போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல், இதே வகையைச் சேர்ந்த எஸ்க்யூலைட் மூன்றுமே அதை ஏற்றுக்கொள்ளும்.

படி 1: எது 'அதே வரி' என்று முடிவு செய்யுங்கள்

பலரும் இதைத் தாண்டிக் குதித்துவிட்டு நேராகக் கட்டளைக்குப் போகிறார்கள். ஆனால் வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது.

நம் டேபிள் இது:

கிரியேட் டேபிள் வரவு (
ஐடி பிக்இன்ட் ஜெனரேட்டட் ஆல்வேஸ் ஆஸ் ஐடென்டிடி பிரைமரி கீ,
நாள் டேட் நாட் நல்,
சீட்டு_எண் இன்டிஜர் நாட் நல்,
விவசாயி_ஐடி இன்டிஜர் நாட் நல்,
பூ டெக்ஸ்ட் நாட் நல்,
எடை நியூமெரிக் நாட் நல்
);

"பிரைமரி கீ இருக்கிறதே, அப்புறம் எப்படி இரண்டு முறை ஏறும்?" என்று கேட்பீர்கள். பிரைமரி கீ என்பது ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாளம், இங்கே அது ஐடி. ஐடி தானாக ஏறிக்கொண்டே போகிற எண். அதே சீட்டை நூறு முறை ஏற்றினாலும் நூறு புது ஐடி கிடைக்கும். டேட்டாபேஸின் பார்வையில் அவை நூறு வெவ்வேறு வரிகள்.

சரி, எதை வைத்து அடையாளம் காண்பது? நாள், விவசாயி, பூ மூன்றும் ஒன்றாக இருந்தால் இரட்டைப் பதிவு என்று வைத்துப் பார்ப்போம். ஒரே விவசாயி காலை நாலு மணிக்கு ஒரு மூட்டை மல்லி, ஏழு மணிக்கு இன்னொரு மூட்டை அனுப்புவது சாதாரணம். இரண்டாவது மூட்டையைப் பதியவே முடியாமல் போய்விடும். எடையையும் சேர்த்துக்கொள்ளலாமா? இரண்டு மூட்டையும் ஐந்து கிலோவாக இருந்தால் அதே சிக்கல்தான்.

ஆனால் கடையில் ஒவ்வொரு எடைக்கும் ஒரு சீட்டு கிழிக்கிறார்கள். அந்தச் சீட்டு எண் தினமும் 1-லிருந்து தொடங்கும். ஆகவே நாளும் சீட்டு எண்ணும் சேர்ந்தால் ஒரு வரவு, ஒன்றே ஒன்று. உங்கள் தொழிலிலும் இப்படி ஏதோ ஒரு காகிதம், பில் எண், ரசீது எண் இருக்கும். முதலில் அதைத் தேடுங்கள். இதை மென்பொருள் எழுதுகிறவர் தனியாக உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. கல்லாவில் இருப்பவரைக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

படி 2: ஏற்கெனவே ஏறியதைக் களையுங்கள்

இரட்டைப் பதிவைத் தடுக்கும் பூட்டு 'யூனிக்' என்ற விதி. டேபிளில் இரட்டை வரிகள் இருக்கும்வரை அந்தப் பூட்டைப் போட முடியாது. முதலில் தேடிப் பாருங்கள்:

செலக்ட் நாள், சீட்டு_எண், கவுண்ட்(*)
ஃப்ரம் வரவு
குரூப் பை நாள், சீட்டு_எண்
ஹேவிங் கவுண்ட்(*) > 1;

வந்த வரிகளை உடனே அழித்துவிடாதீர்கள். சீட்டு எண் அதேதான், எடை மட்டும் வேறு என்று இருந்தால் அது இரட்டைத் தட்டு அல்ல. 73-க்குப் பதில் 37 என்று யாரோ பதிந்திருக்கலாம். சீட்டுக் கட்டை எடுத்து ஒப்பிட்டு அந்த வரிகளை முதலில் திருத்துங்கள். எல்லாமே அச்சு அசலாக ஒன்றாக இருக்கிற வரிகள் மட்டும் மிஞ்சிய பிறகு, பேக்கப் எடுத்துக்கொண்டு இதை ஓட்டலாம்:

டெலீட் ஃப்ரம் வரவு புதுசு யூசிங் வரவு பழசு
வேர் புதுசு.நாள் = பழசு.நாள்
அண்ட் புதுசு.சீட்டு_எண் = பழசு.சீட்டு_எண்
அண்ட் புதுசு.ஐடி > பழசு.ஐடி;

ஒவ்வொரு ஜோடியிலும் முதலில் ஏறியது தங்கும், பின்னால் ஏறியது போகும். பட்டுவாடா டேபிள் எதுவும் இந்த ஐடியைப் பிடித்துக்கொண்டிருந்தால் முதலில் அங்கே மாற்றிவிட்டு வாருங்கள்.

படி 3: பூட்டு

ஆல்டர் டேபிள் வரவு
ஆட் கான்ஸ்ட்ரெயின்ட் வரவு_ஒருமுறை
யூனிக் (நாள், சீட்டு_எண்);

இரண்டு நெடுவரிசைகளையும் ஒரே அடைப்புக்குள் போட வேண்டும். தனித்தனியாக யூனிக் போட்டால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு வரவுதான் பதியலாம் என்று ஆகிவிடும்.

'நல்' என்றால் மதிப்பு எதுவும் இல்லாத காலி இடம். 'நாட் நல்' என்றால் காலியாக விடக் கூடாது. டேபிளில் அதைப் போட்டது ஏன் என்றால், யூனிக் விதி 'நல்' வந்தால் கண்டுகொள்ளாது. போஸ்ட்கிரஸிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் எஸ்க்யூலைட்டிலும் ஒரு நல் இன்னொரு நல்லுக்குச் சமம் இல்லை. சீட்டு எண் காலியாக விட்ட வரிகள் எத்தனை வேண்டுமானாலும் ஏறும். போஸ்ட்கிரஸ் 15 முதல் 'நல்ஸ் நாட் டிஸ்டிங்க்ட்' என்று சேர்த்து இதை மாற்றலாம். முடிந்தவரை காலியாக விடவே இடம் கொடுக்காதீர்கள்.

"இந்தப் பூட்டெல்லாம் எதற்கு? இன்சர்ட் செய்வதற்கு முன்னால் ஒரு செலக்ட் போட்டு, இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதாதா?" போதாது. கடையில் இரண்டு கம்ப்யூட்டர் இருக்கிறது. இரண்டிலும் ஒரே நொடியில் 37-ஆம் சீட்டு பதியப்படுகிறது. இரண்டும் செலக்ட் போட்டுப் பார்க்கின்றன, இரண்டுக்கும் 'இல்லை' என்று பதில் வருகிறது, இரண்டும் இன்சர்ட் செய்கின்றன. உங்கள் கணினியில் தனியாக ஓட்டிப் பார்க்கும்போது இது நடக்கவே நடக்காது. கூட்டம் சேர்ந்த காலையில்தான் நடக்கும். யூனிக் விதி இருந்தால் இரண்டில் ஒன்றுதான் உள்ளே போகும்.

படி 4: மோதினால் என்ன செய்வது

இப்போது அதே சீட்டை மறுபடி ஏற்றினால் பிழை வரும். போஸ்ட்கிரஸில் 23505, மைஎஸ்க்யூஎல்லில் 1062. இந்தப் பிழையை என்ன செய்வது என்பதில்தான் உங்கள் சாமர்த்தியம். மூன்று வழி இருக்கிறது.

சத்தமில்லாமல் விட்டுவிடுவது:

இன்சர்ட் இன்டு வரவு (நாள், சீட்டு_எண், விவசாயி_ஐடி, பூ, எடை)
வேல்யூஸ் ('2025-01-10', 37, 112, 'மல்லி', 8.5)
ஆன் கான்ஃப்ளிக்ட் (நாள், சீட்டு_எண்) டு நத்திங்;

இது போஸ்ட்கிரஸ் 9.5-இல், 2016-இல் வந்தது. எஸ்க்யூலைட்டில் 2018 முதல் இருக்கிறது. ஒரே கட்டளையை இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள்: முதல் முறை 'இன்சர்ட் 0 1', அடுத்த முறை 'இன்சர்ட் 0 0' என்று பதில் வரும். எக்செல் கோப்பிலிருந்து மொத்தமாக ஏற்றுகிற வேலைக்கு இது அருமை. பாதியில் கரண்ட் போனாலும் முதலிலிருந்து மறுபடி ஓட்டலாம்.

ஆனால் ஆள் உட்கார்ந்து பதிகிற திரையில் இதை வைக்க மாட்டேன். 73-ஐ 37 என்று தவறாகத் தட்டினால், அந்த வரவு உள்ளேயும் போகாது, யாருக்கும் சொல்லவும் சொல்லாது. ஒரு விவசாயியின் பூ கணக்கிலேயே இல்லாமல் போய்விடும். அங்கே இரண்டாவது வழி: பிழையை வரவிட்டு, அதைப் பிடித்து, '37-ஆம் சீட்டு ஏற்கெனவே இருக்கிறது: மல்லி, 8.5 கிலோ' என்று பழைய வரியைத் திரையில் காட்டுங்கள். இரண்டு முறை தட்டியவர் பார்த்துவிட்டு நகர்வார். எண்ணைத் தப்பாகத் தட்டியவர் திருத்திக்கொள்வார்.

மூன்றாவது, பழைய வரியின் மேல் எழுதுவது. வரவுக் கணக்குக்கு இது ஆகாது. ஆனால் விலை டேபிளுக்குப் பொருந்தும். பூ விலை காலையிலேயே ஏறி இறங்கும். அன்றைய கடைசி விலை மட்டும் போதும் என்றால், (நாள், பூ) இரண்டுக்கும் சேர்த்து யூனிக் போட்டுவிட்டு:

இன்சர்ட் இன்டு விலை (நாள், பூ, ரூபாய்)
வேல்யூஸ் ('2025-01-10', 'மல்லி', 1800)
ஆன் கான்ஃப்ளிக்ட் (நாள், பூ)
டு அப்டேட் செட் ரூபாய் = எக்ஸ்க்ளூடட்.ரூபாய்;

எக்ஸ்க்ளூடட் என்றால் உள்ளே வர முயன்று மோதிய புது வரி. மைஎஸ்க்யூஎல்லில் இதற்கு 'ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்' என்று எழுத வேண்டும்.

மைஎஸ்க்யூஎல்காரர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. 'இன்சர்ட் இக்னோர்' இரட்டைப் பதிவை மட்டும் விழுங்காது. வேறு பல பிழைகளையும் வெறும் எச்சரிக்கையாக்கிவிட்டு, நீளம் மீறிய பெயரை வெட்டிக்கூட உள்ளே போட்டுவிடும். 'ரீப்ளேஸ்' பழைய வரியை அழித்துவிட்டுப் புதிதாகப் போடும். ஐடி மாறும், 'கேஸ்கேட்' (மூல வரி அழிந்தால் சார்ந்ததும் அழியட்டும் என்ற அமைப்பு) இருந்தால் அதைச் சார்ந்த வரிகளும் சேர்ந்து அழியும். தெரியாமல் பயன்படுத்தக் கூடாத கட்டளை.

படி 5: ஆளும் ஊரும்

சீட்டுக்கு எண் இருந்ததால் தப்பித்தோம். விவசாயி டேபிள் அவ்வளவு எளிதில்லை. மு. பாண்டி, பாண்டி மு, எம். பாண்டி மூவரும் ஒருவரா? மதுரைப் பக்கத்தில் பாண்டிக்கா பஞ்சம்! போன் நம்பரை யூனிக் ஆக்கினால் அப்பாவும் மகனும் ஒரே போன் வைத்திருப்பார்கள். இதற்கு டேட்டாபேஸில் மந்திரம் கிடையாது. ஒவ்வொருவருக்கும் கடையின் பேரேட்டு எண் ஒன்று கொடுத்து அதை யூனிக் ஆக்குங்கள்.

ஊர்ப் பெயரில் வேறொரு வம்பு. 'டி. கல்லுப்பட்டி'யும் இடைவெளி இல்லாத 'டி.கல்லுப்பட்டி'யும் இரண்டு ஊராக நிற்கும். அதைக் கண்ணாலாவது பார்க்கலாம். கொட்டாம்பட்டியைக் கண்ணாலும் பிடிக்க முடியாது. 'கொ' என்பதை யூனிகோடில் (கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறை) ககரத்தோடு ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். எந்தக் கீபோர்டில் தட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. திரையில் ஒன்றாகத் தெரியும் இரண்டையும், இயல்பு அமைப்பில் உள்ள போஸ்ட்கிரஸ் இரண்டு ஊர் என்று எண்ணி, யூனிக் விதி இருந்தும் உள்ளே விடும். சோழவந்தானுக்கும் இதே கதி. போஸ்ட்கிரஸ் 13 முதல் இதற்கு ஒரு வழி உண்டு:

கிரியேட் யூனிக் இண்டெக்ஸ் ஊர்_ஒருமுறை
ஆன் ஊர்கள் (நார்மலைஸ்(ட்ரிம்(பெயர்), என்எஃப்சி));

நார்மலைஸ் இரண்டு வகையையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட வைக்கும். டேட்டாபேஸ் யூடிஎஃப்-8-இல் (யூனிகோடைச் சேமிக்கும் ஒரு முறை) இருக்க வேண்டும். கல்லுப்பட்டி இடைவெளியை இது சரிசெய்யாது. முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை மட்டும் நீக்கும். ஊரைத் தட்டவே விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைப்பது இன்னும் நல்லது.

இதையெல்லாம் செய்த பிறகு ஐடி 41-க்கு அடுத்து 44 வந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். வரி அழிந்துவிட்டதோ என்று பதற வேண்டாம். மோதித் திரும்பிய இன்சர்ட்டும் ஓர் எண்ணைச் செலவழித்துவிட்டுத்தான் போகும். மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியிலும் இப்படித்தான். இடைவெளியை நிரப்ப முயலாதீர்கள், ஐடியைத் திரையில் காட்டவும் வேண்டாம். கணக்குப்பிள்ளை கேட்பது சீட்டு எண்ணைத்தான்.