ஜவ்வாது மலையிலிருந்து சிறுகோள் தேடுவது எப்படி?

சிறுகோள் தேடக் கிளம்பும் முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். சூரியனுக்கு நேர் எதிர்த்திசைக்கு வரும்போதுதான் சிறுகோள் நல்ல பிரகாசமாக இருக்கும். நள்ளிரவில் உச்சத்துக்கும் வரும். பௌர்ணமி நிலவும் அதே இடத்தில்தான் வந்து நிற்கும் என்பதால், அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஆறேழு நாள்தான் உருப்படியாக வேலை நடக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை விடாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நம்பலாம்.

ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில், அகன்ற வானப்பரப்பைப் படமெடுக்கும் 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியைக் கொண்டு வானியலாளர் ஆர். ராஜமோகன் 4130 ராமானுஜன் என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தது 1988 பிப்ரவரி 17 அன்று. அன்றைக்கு அமாவாசை. பிப்ரவரி நடுவில் சூரியனின் எதிர்ப்புள்ளி சுமார் 12 பாகை வடக்கில் இருக்கும். காவலூரின் அட்சரேகையும் கிட்டத்தட்ட அதுவே. ஆக, நள்ளிரவில் தேட வேண்டிய வானம் நேர் தலைக்கு மேல். வேலூர், திருப்பத்தூர் வட்டாரத்துக்கு இது பெரிய வசதி: வடக்கு அடிவானத்தில் வாணியம்பாடி, ஆம்பூர் ஊர் வெளிச்சம் எவ்வளவு ஏறினாலும் உச்சியை அவ்வளவாகக் கெடுக்காது.

கருவி

200 மி.மீ. விட்டம், 1000 மி.மீ. குவியத் தொலைவு கொண்ட நியூட்டன் (ஆடி வைத்த) தொலைநோக்கி போதும். வானத்தோடு சேர்ந்து சுழலும் ஈக்வடோரியல் மவுண்ட் கட்டாயம். கேமராவுக்கு ஒரு கணக்கு உண்டு: 206.265-ஐ பிக்சல் அளவால் (மைக்ரான்) பெருக்கி, குவியத் தொலைவால் (மி.மீ.) வகுக்க வேண்டும். 3.76 மைக்ரான் பிக்சலை 2×2 ஆகச் சேர்த்தால் (அதாவது 7.52 மைக்ரான்) பிக்சலுக்கு 1.55 வில்விநாடி வரும். வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு. நம் பக்கக் காற்றில் நட்சத்திரம் இரண்டு, மூன்று வில்விநாடிக்கு விரிவதால் இதுவே சரியான அளவு.

கூலிங் இல்லாத கேமராவை வாங்காதீர்கள். சென்சார் 6 டிகிரி சூடானால் அதன் இருட்டு மின்னோட்டம் (வெளிச்சம் படாமலே சென்சாரில் வெப்பத்தால் உண்டாகும் போலி சிக்னல்) ஏறக்குறைய இரட்டிப்பாகும். மலையடிவாரத்தில் ஏப்ரல் இரவு எப்படி இருக்கும் என்று இங்கே சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சென்சாரை 0 டிகிரியில் நிறுத்தி, அதே வெப்பநிலை, அதே நேர அளவில் மூடியைப் போட்டு 20 டார்க் படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்; வானப் படத்திலிருந்து இவற்றைக் கழிக்க வேண்டும். ஜனவரியில் தொல்லை வேறு மாதிரி: பனி. லென்ஸ் உள்ள தொலைநோக்கி என்றால் ஹீட்டர் பட்டை சுற்றாமல் இரண்டு மணி நேரம் தாண்டாது.

படம் எடுப்பது

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள சிறுகோள்கள் எதிர்நிலையில் (சூரியனுக்கு நேர் எதிரே இருக்கும்போது) மணிக்கு 30 முதல் 40 வில்விநாடி வரை மேற்கே நகரும். நிமிடத்துக்கு அரை வில்விநாடிக்குச் சற்று அதிகம். ஆகவே 2 நிமிட எக்ஸ்போஷரில் புள்ளி இழுபடாது. ஒரே இடத்தை 20 நிமிட இடைவெளியில் நான்கு முறை எடுத்தால் ஒவ்வொரு படத்திலும் ஏழெட்டு பிக்சல் தள்ளித் தெரியும். நட்சத்திரங்களைப் பொருத்தி நான்கு படங்களையும் ஆஸ்ட்ரோமெட்ரிகா மென்பொருளில் மாற்றி மாற்றிக் காட்டினால், நகரும் புள்ளி கண்ணில் படும்.

ஏமாறும் இடமும் இதுதான். மவுண்ட் மெல்ல விலகிக்கொண்டே போனால், சென்சாரில் ஒரே இடத்தில் இருக்கும் ஹாட் பிக்சல் (எப்போதும் ஒளிர்வதாகக் காட்டும் பழுதான பிக்சல்), பொருத்திய படங்களில் நேர்க்கோட்டில், சீரான வேகத்தில் நகரும். அசல் சிறுகோள் மாதிரியே! டார்க் கழித்தும் சில மிஞ்சும். மருந்து எளிது: ஒவ்வொரு படத்துக்கும் தொலைநோக்கியை முன்பின் ஒழுங்கில்லாமல் பத்து, பதினைந்து பிக்சல் நகர்த்துங்கள். ஹாட் பிக்சல் கோணல்மாணலாகத் தாவும். சிறுகோள் கோடு தவறாது. விண்வெளியிலிருந்து வந்து சென்சாரில் மோதும் காஸ்மிக் கதிர் ஒரே படத்தில் வந்து மறையும். செயற்கைக்கோள் நீளக் கோடு போடும். மூன்று படத்தில் இருந்து நான்காவதில் காணவில்லை என்றால், அது ஏதாவது நட்சத்திரத்தின் மேல் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கடிகாரம்

புதியவர்களின் அளவீடு பெரும்பாலும் நேரத்தில்தான் சொதப்பும். நிமிடத்துக்கு 10 வில்விநாடி ஓடும் பூமியருகுச் சிறுகோளில் 6 விநாடி பிசகினால் நிலை 1 வில்விநாடி தப்பிவிடும். மலையில் மொபைல் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் லேப்டாப் கடிகாரத்தை நம்ப முடியாது. யூஎஸ்பி ஜிபிஎஸ் ஒன்று வையுங்கள். அதை இயக்கி 15 நிமிடம் விட்டு விடுங்கள். ஜிபிஎஸ் நேரத்துக்கும் உலக நேரத்துக்கும் (யூடிசி) உள்ள 18 விநாடி வித்தியாசம் செயற்கைக்கோளிலிருந்து வந்து சேர அவ்வளவு நேரம் ஆகலாம்.

கேமரா கோப்பில் பதிவது பெரும்பாலும் எக்ஸ்போஷர் தொடங்கிய நேரம். அனுப்ப வேண்டியது அதன் நடு நேரம். தேதியிலும் கவனம் வேண்டும்: நம் இரவு 12 மணிக்கு உலக நேரத்தில் தேதி மாறாது, காலை 5.30-க்குத்தான் மாறும்.

அனுப்புவது

சிறுகோளின் நிலைகளை, கையா (Gaia) விண்கலம் தந்த நட்சத்திரப் பட்டியலோடு ஒப்பிட்டு அளந்து, சிறுகோள் பதிவுகளைத் திரட்டும், அமெரிக்காவில் உள்ள மைனர் பிளானட் சென்டருக்கு அனுப்ப வேண்டும். முதலில் சுற்றுப்பாதை நன்கு தெரிந்த, எண் பெற்ற சில சிறுகோள்களை இரண்டு இரவு அளந்து, எக்ஸ்-எக்ஸ்-எக்ஸ் என்ற தற்காலிகக் குறியீட்டுடன் அனுப்புங்கள். அளவு சரியாக இருந்தால் உங்கள் இடத்துக்கென ஒரு குறியீடு கிடைக்கும். பிழை 1 வில்விநாடிக்குள் இருக்கட்டும்.

ஒரு இரவுப் பதிவை வைத்துப் புதியது என்று உரிமை கேட்க முடியாது. இரண்டாம் இரவும் பிடித்தால்தான் தற்காலிகப் பெயர். ராமானுஜன் சிறுகோளுக்கு அப்படிக் கிடைத்தது '1988 டிகியூ1'. டி என்றால் பிப்ரவரியின் பின்பாதி. 'ஐ' எழுத்தைத் தவிர்த்து எண்ணினால் கியூ 16-ஆவது; ஒன்று என்பது 25 எழுத்து ஒரு சுற்று முடிந்ததைக் காட்டும். அந்த அரை மாதத்தில் 41-ஆவது என்று பொருள்.

ஹவாயின் பான்ஸ்டார்ஸ், அரிசோனாவின் கேடலினா போன்ற பெரிய தேடல்கள் வானத்தைச் சல்லடை போட்டுக்கொண்டிருக்கும்போது, 200 மி.மீ. கருவியில் புதுசு சிக்குவது அரிது. அவர்கள் கண்டுபிடித்து, உறுதிசெய்யக் காத்திருக்கும் பூமியருகுப் பொருள்களில் பிரகாசமானவற்றை மறுபடி அளந்து தருவதே பயனுள்ள வேலை. அவை வேகமாக ஓடுவதால் 20, 30 விநாடிப் படங்களாக எடுத்து, சிறுகோளின் வேகத்துக்கு நகர்த்தி அடுக்க வேண்டும்.

இன்னொரு நல்ல வேலை ஒளி வளைவு, அதாவது நேரத்தோடு பிரகாசம் மாறுவதைக் காட்டும் வரைபடம். ஒரே சிறுகோளை ஐந்தாறு மணி நேரம் தொடர்ந்து படமெடுத்து, பக்கத்து நட்சத்திரங்களோடு பிரகாசத்தை ஒப்பிட்டு வரைந்தால் சுழற்சி நேரம் தெரியும். நீள வடிவச் சிறுகோள் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை பிரகாசிக்கும். ஒரு ஏற்ற இறக்கத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் பாதி நேரம்தான் விடையாக வரும். சுழற்சி 8 அல்லது 12 மணி நேரமாக இருந்தால், இங்கிருந்து தினமும் அதே பக்கமே தெரியும். எத்தனை நாள் எடுத்தாலும் வளைவு நிறையாது. வேறு தீர்க்கரேகையில் இருப்பவரின் தரவைச் சேர்த்தே ஆக வேண்டும்.