ஆயில் குறைகிறதா? முதலில் ஓர் அட்டையை விரியுங்கள்

காரில் இன்ஜின் ஆயில் அடிக்கடி குறைந்தால், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து 10 நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பி) உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். சரிவில் நிறுத்திப் பார்த்துவிட்டுப் பதறியவன் நான்.

நிஜமாகவே குறைந்திருந்தால், இரவில் இன்ஜினுக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வையுங்கள். காலையில் பழுப்பாகவோ கறுப்பாகவோ பிசுபிசுப்பான சொட்டு இருந்தால் கசிவு. டிரெயின் போல்ட் (ஆயிலை வடிக்கும் போல்ட்), ஆயில் ஃபில்டர், வால்வு கவர் கேஸ்கெட் (இன்ஜின் மேல்மூடியில் கசிவைத் தடுக்கும் பட்டை) பக்கம் பாருங்கள். வெறும் தண்ணீர் என்றால் அது ஏசியின் வேலை.

அட்டை சுத்தமா? அப்படியானால் ஆயில் பெரும்பாலும் உள்ளேயே எரிகிறது. சைலன்சரைக் கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வந்து அடங்கினால் வால்வு சீல் (வால்வு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) மேல் சந்தேகம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றி ஆயில் மேலே ஏறாமல் தடுக்கும் வளையம்) மேல் சந்தேகம். இன்ஜின் ஆறியபின் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டப்பாவையும் பாருங்கள். பால் காபி நிறம் தெரிந்தால் ஆயிலும் கூலன்ட்டும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். சரி பார்க்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

அப்புறம், எடுத்த எடுப்பில் "இன்ஜினை இறக்கணும்" என்று மெக்கானிக் சொன்னால், பிசிவி வால்வை (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் சிறு வால்வு) முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அது அடைத்துக்கொண்டாலும் ஆயில் குறையும். மாற்றுவதற்குப் பெரும்பாலும் அதிகம் செலவாகாது.